பிழைத்த பிள்ளைகளும் மங்கிய விழிகளும்: இளையோரின் நீரிழிவுக் கண்நோய் – ஒரு வரலாறு



நீரிழிவு என்று ஏடுகள் எழுதுகின்றன. நம் நாட்டுத் தமிழர் வீடுகளில் ‘இனிப்புநீர்’ என்கிறோம். பெயர் எதுவாயினும், அது தாத்தா பாட்டிகளின் நோய் என்பதே நம்மிற் பலரது எண்ணம். ஆனால் தமிழ்ப்பள்ளிகளில் பணியாற்றும் ஆசிரியர்கள் வேறொன்றையும் அறிவர். பையில் பென்சில் பெட்டியோடு இன்சுலின் ஊசியையும் சுமந்து வரும் பிள்ளைகள் நம்மிடையே இருக்கிறார்கள். எண்ணிக்கையில் அவர்கள் சிலரே. ஆயினும் அவர்களின் பெற்றோர் என்னிடம் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. “கண் நன்றாகத்தானே தெரிகிறது? பிறகு ஏன் ஆண்டுதோறும் பிள்ளையின் கண்ணைப் படமெடுக்க வரச் சொல்கிறார்கள்?”

இக்கேள்விக்கு விடை மருத்துவத்தில் மட்டுமன்று, வரலாற்றிலும் உள்ளது. நீரிழிவால் இளையோர் பார்வை இழக்கிறார்கள் என்பதை மருத்துவ உலகம் அறிந்துகொண்ட விதமும், அதைத் தடுக்கலாம் என்று மெய்ப்பிக்க அது எடுத்துக்கொண்ட காலமும் நாம் அனைவரும் தெரிந்துகொள்ள வேண்டியவை. நான் மருத்துவன் அல்லன். வரலாற்றை விரும்பிப் படிக்கும் ஆசிரியன் என்ற முறையில் இக்கட்டுரையை எழுதுகிறேன்.

விழிக்குள் பார்த்த முதல் மனிதர்கள்

உயிரோடிருக்கும் மனிதனின் விழித்திரையை 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை மருத்துவர்கள் தெளிவாகப் பார்த்ததில்லை. கண்மணி அவர்களுக்குக் கரிய துளையாகவே தெரிந்தது. 1851ஆம் ஆண்டில் ஜெர்மானிய அறிவியலறிஞர் ஹெர்மன் வான் ஹெல்ம்ஹோல்ட்ஸ், கண்ணுக்குள் ஒளியைச் செலுத்தி உள்ளே நோக்கும் கருவியை உலகிற்கு அறிவித்தார். அதன் பின்னரே விழியின் உட்புறம் மருத்துவர்க்குப் புலப்படலாயிற்று.

அடுத்த சில ஆண்டுகளிலேயே வியன்னாவைச் சேர்ந்த எடுவார்ட் யேகர், நீரிழிவு நோயாளி ஒருவரின் விழித்திரையில் மாற்றங்களைக் கண்டு எழுதினார். அந்நாளில் கண் மருத்துவத்தின் பேராசானாக விளங்கிய அல்பிரெக்ட் வான் கிரேஃபே அதனை ஏற்கவில்லை. நீரிழிவுதான் அம்மாற்றங்களுக்குக் காரணம் என்பதற்குச் சான்றில்லை என்றார். 1872இல் இலண்டனில் எட்வர்ட் நெட்டில்ஷிப் விழித்திரையின் இழையங்களை ஆராய்ந்து எழுதிய பின் யேகரின் கூற்று வலுப்பெற்றது. 1876இல் வில்லெல்ம் மான்ஸ், நீரிழிவாளரின் விழிக்குள் புதிய இரத்தக் குழாய்களும் தழும்பும் வளர்ந்து விழித்திரையை இழுப்பதை விவரித்தார்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். இவர்கள் பார்த்த கண்கள் பெரும்பாலும் நடுவயதினர், முதியவர்களின் கண்களே. பிள்ளைகளுக்கு நீரிழிவு வந்தால் கண் கெடுமா என்ற கேள்வியே அந்நாளில் எழவில்லை. காரணம் எளியது, கொடியது. கண் கெடும் அளவுக்கு அப்பிள்ளைகள் உயிர் வாழ்ந்ததில்லை.

1922: உயிர் கிடைத்தது

இளம் பருவத்தில் வரும் முதல் வகை நீரிழிவில் உடல் இன்சுலினைச் சுரப்பது ஏறக்குறைய முற்றாக நின்றுவிடுகிறது. அக்காலத்தில் அது மரண தண்டனைக்கு ஒப்பாகும். ஃபிரெடரிக் ஆலன் முதலிய மருத்துவர்கள் கையாண்ட பட்டினி முறை, பிள்ளைகளின் வாழ்நாளைச் சில மாதங்களோ ஓரிரு ஆண்டுகளோ நீட்டித்தது. எலும்பும் தோலுமாய் அவர்கள் படுத்திருக்க, பெற்றோர் அருகில் அமர்ந்து பார்த்துக்கொண்டிருந்தனர். பசி என்று அழும் பிள்ளைக்கு உணவு கொடுக்காமல் இருப்பதே மருத்துவம் என்றால், அத்தாயின் நிலை என்னவாக இருந்திருக்கும்!

கனடாவின் டொராண்டோ நகரில் ஃபிரெடரிக் பேண்டிங், சார்ல்ஸ் பெஸ்ட், ஜான் மெக்லியோட், ஜேம்ஸ் காலிப் ஆகியோரின் உழைப்பால் இன்சுலின் பிறந்தது. 1922 ஜனவரி 11ஆம் நாள், 14 வயதுச் சிறுவன் லியோனார்ட் தாம்சனுக்கு முதல் ஊசி போடப்பட்டது. மருந்து தூய்மையாக இல்லாததால் அது போதிய பயன் தரவில்லை. காலிப் தூய்மைப்படுத்திய மருந்து ஜனவரி 23ஆம் நாள் மீண்டும் செலுத்தப்பட்டபோது, சிறுவனின் இரத்தச் சர்க்கரை இறங்கியது. அதே ஆண்டு ஆகஸ்டில் இன்சுலின் பெற்ற எலிசபெத் ஹியூஸ் என்னும் சிறுமி, 1981ஆம் ஆண்டு வரை வாழ்ந்தார். 1923இல் பேண்டிங்குக்கும் மெக்லியோடுக்கும் நோபெல் பரிசு கிடைத்தது.

உலகமே கொண்டாடியது. நீரிழிவு வென்றெடுக்கப்பட்டது என்றே பலரும் கருதினர்.

பதினைந்து ஆண்டுகள் கழித்து வந்த கணக்கு

பிழைத்த பிள்ளைகள் வளர்ந்தார்கள், படித்தார்கள், வேலைக்குச் சென்றார்கள், மணம் புரிந்தார்கள். அவர்கள் இருபதுகளையும் முப்பதுகளையும் எட்டியபோது, மருத்துவர்கள் முன்பு கண்டிராத ஒன்றைக் கண்டனர். இளைஞர்களின் விழிகளுக்குள் இரத்தம் கசிந்தது, சிறுநீரகங்கள் பழுதுபட்டன. இன்சுலின் உயிரைக் காத்தது. ஆனால் அன்றைய முறையில் அதனைக் கொண்டு சர்க்கரையைச் சீராக வைக்க இயலவில்லை. அதன் விளைவு பதினைந்து, இருபது ஆண்டுகள் கழித்தே வெளிப்பட்டது.

இந்த இளையோரின் கண்கள் அறிவியலுக்கு ஒரு பேருண்மையை உணர்த்தின. நீரிழிவாளரின் கண் கெடுவதற்கு உயர் இரத்த அழுத்தமும் முதுமையில் இரத்தக் குழாய்கள் தடிப்பதுமே காரணம் என்று அதுவரை பலர் வாதிட்டு வந்தனர். இருபத்தைந்து வயது இளைஞனுக்கு முதுமை ஏது? அழுத்தமும் சீராக இருந்து கண் மட்டும் கெட்டதென்றால், நீரிழிவைத் தவிர வேறு எதைச் சொல்வது? 1940களில் கிளாஸ்கோ நகரின் ஆர்தர் பாலன்டைன் செய்த ஆய்வுகள், இது விழித்திரையின் நுண்குழாய்களைத் தாக்கும் தனி நோய் என்பதைத் தெளிவுபடுத்தின. கிரேஃபே எழுப்பிய ஐயம் தீர ஏறத்தாழ தொண்ணூறு ஆண்டுகள் ஆயின.

விழிக்குள் நடப்பது என்ன?

மாணவருக்கு விளக்குவது போல் எளிமையாகச் சொல்கிறேன். விழித்திரை என்பது கண்ணின் பின்புறச் சுவரில் ஒட்டியுள்ள மெல்லிய படலம். ஒளியை உணர்ந்து மூளைக்கு அனுப்புவது அதுவே. தலைமுடியைவிட மெல்லிய இரத்தக் குழாய்கள் அதற்கு உணவூட்டுகின்றன. இரத்தத்தில் சர்க்கரை நெடுங்காலம் மிகுந்திருந்தால், அக்குழாய்களைத் தாங்கி நிற்கும் உயிரணுக்கள் மடிகின்றன. குழாய்ச் சுவர் ஆங்காங்கே குமிழ்போல் புடைத்து, நீரும் கொழுப்பும் இரத்தமும் கசிகின்றன. கசிவு விழித்திரையின் நடுப்பகுதியில் தேங்கினால் எழுத்துகள் மங்கும், நேர்கோடு வளைந்து தெரியும்.

வேறு சில குழாய்கள் அடைபட்டுப் போகின்றன. உயிர்வளி கிடைக்காத விழித்திரை, புதிய குழாய்களை வளர்க்குமாறு வேதிப்பொருள் வழியாகக் குரல் கொடுக்கிறது. புதிய குழாய்களும் முளைக்கின்றன. ஆனால் அவை நோஞ்சான் குழாய்கள். எளிதில் உடைந்து விழியின் உட்பகுதியை இரத்தத்தால் நிரப்புகின்றன. பின்னர்த் தழும்பாகச் சுருங்கி விழித்திரையைப் பிய்த்தெடுக்கின்றன. இத்தனையும் நடக்கும்போது வலி இல்லை. தொடக்க நிலைகளில் பார்வைக் குறைவும் இல்லை. ‘கண் நன்றாகத் தெரிகிறது’ என்பது நோயின்மைக்குச் சான்றாகாமல் போவது இதனால்தான்.

கதிரவன் கற்றுத்தந்த மருத்துவம்

நோயை அறிந்துகொண்டாயிற்று. மருந்து எங்கே? 1950களில் மருத்துவர்கள் கையாண்ட ஒரு முறையைப் படித்தபோது என் மனம் கனத்தது. மகப்பேற்றுக்குப் பின் பிட்யூட்டரி சுரப்பி அழிந்துபோன ஒரு பெண்ணின் விழித்திரை நோய் பின்வாங்கியதை டென்மார்க் நாட்டு மருத்துவர் பொல்சன் 1953இல் எழுதினார். அதனைக் கொண்டு, பார்வை இழக்கும் நிலையிலிருந்த நீரிழிவாளரின் பிட்யூட்டரி சுரப்பியையே அகற்றவும் அழிக்கவும் தலைப்பட்டனர். சிலருக்குப் பார்வை நின்றது. ஆனால் அதற்குக் கொடுத்த விலை பெரிது. வாழ்நாள் முழுதும் இயக்குநீர் மருந்துகள் தேவைப்பட்டன, மகப்பேறு என்னும் நம்பிக்கை போயிற்று. இருபதுகளில் இருந்த ஆணும் பெண்ணும் அதற்கும் இசைந்தார்கள் என்றால், இருளுக்கு அவர்கள் எவ்வளவு அஞ்சியிருக்க வேண்டும்!

மற்றொரு வழி எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. 1945 ஜூலை 9ஆம் நாள் நிகழ்ந்த சூரிய கிரகணத்தை வெறுங்கண்ணால் பார்த்த மருத்துவ மாணவர் ஒருவரின் விழித்திரை சுட்டுப்போயிற்று. அந்தத் தழும்பைக் கண்ட ஜெர்மானிய மருத்துவர் கெர்ஹார்ட் மேயர்-ஷ்விக்கராத், ஒளியால் விழித்திரையைச் சுட்டு ஒட்ட முடியுமே என்று எண்ணினார். முதலில் கதிரவன் ஒளியையே கண்ணாடிகளால் திரட்டி நோயாளியின் கண்ணுள் செலுத்தினார். மேகம் மறைத்தால் மருத்துவம் நின்றுவிடும்! பின்னர் செனான் விளக்குக் கருவி உருவானது. ‘கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்’ என்பது நம் பழமொழி. கண் முற்றும் கெடுமுன் சூரியனே மருத்துவனான கதை இது.

1960இல் தியோடர் மைமன் முதல் லேசரை இயக்கிக் காட்டினார். பாஸ்டன் நகரில் ஜாஸ்லின் நிலையத்தைச் சார்ந்த வில்லியம் பீத்தமும் லாய்டு ஐயெல்லோவும் ஒன்றைக் கவனித்திருந்தனர். வேறு காரணத்தால் விழித்திரையில் பரவலான தழும்பு கொண்டவர்களுக்கு நீரிழிவுக் கண்நோய் குறைவாக இருந்தது. எனவே, விழித்திரையின் ஓரப் பகுதிகளில் லேசரால் சிறுசிறு புள்ளிகளாகச் சுட்டனர். உயிர்வளி கேட்கும் பகுதியைக் குறைத்தால் புதிய குழாய்கள் வாடும் என்பதே இம்முறையின் அடிப்படை. ஓரப் பார்வையில் சிறிது இழந்து, நடுப் பார்வையைக் காக்கும் பேரம் இது.

ஒரு கண் மருத்துவத்திற்கு, மறு கண் காத்திருப்பதற்கு

பேரம் நல்லதா என்று தெரிய வேண்டுமே! 1971இல் அமெரிக்காவில் ஒரு பெரிய ஆய்வு தொடங்கியது. 15 மையங்களில் 1,700க்கும் மேற்பட்டோர் கலந்துகொண்டனர். ஒவ்வொருவரின் ஒரு கண்ணுக்கு மட்டும் ஒளிச் சிகிச்சை, மறு கண் சிகிச்சையின்றிக் கண்காணிக்கப்பட்டது. எந்தக் கண் என்பதைக் குலுக்கல் முறையே முடிவு செய்தது. 1976இல் வெளிவந்த முடிவு ஐயத்திற்கு இடமளிக்கவில்லை. கடும் பார்வையிழப்பு பாதிக்கு மேல் குறைந்தது. உடனே ஆய்வின் விதி மாற்றப்பட்டு, ஆபத்து மிகுந்த மறு கண்களுக்கும் சிகிச்சை அளிக்கலாம் என்று அறிவிக்கப்பட்டது.

இன்று நம் பிள்ளைகள் பெறும் லேசர் சிகிச்சைக்குப் பின்னால், காத்திருந்த அந்த ஆயிரக்கணக்கான கண்கள் இருக்கின்றன என்பதை நான் மறப்பதில்லை.

இதே காலத்தில், 1970இல், மயாமியில் ராபர்ட் மெக்கமர், இரத்தம் தேங்கிய விழி உட்பாகத்தைச் சிறு துளை வழியே அகற்றும் அறுவை முறையைத் தொடங்கினார். 1994இல் புதிய குழாய்களை வளர்க்கும் வேதிப்பொருள் நீரிழிவாளரின் விழிநீர்மத்தில் மிகுந்திருப்பது மெய்ப்பிக்கப்பட்டது. அதனைத் தடுக்கும் மருந்தைக் கண்ணுக்குள்ளேயே ஊசியாகச் செலுத்தும் முறை இன்று பரவலாக உள்ளது.

தலையாய கேள்வி: தடுக்க முடியுமா?

மருத்துவ முறைகள் வளர்ந்த காலத்திலும் ஒரு வழக்கு தீராமலே இருந்தது. சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்தால் கண் தப்புமா? ஆம் என்றார் பாஸ்டனின் எலியட் ஜாஸ்லின். தேவையில்லை, நோயாளி நலமாக உணர்ந்தால் போதும் என்றார் நியூயார்க்கின் எட்வர்ட் டால்ஸ்டாய். சிறுநீரைக் காய்ச்சி நிறம் பார்ப்பதே அன்று வீட்டுச் சோதனை. நாள் முழுதும் சர்க்கரை எப்படி இருந்தது என்பதை யாரும் அறிய முடியவில்லை. அளக்க முடியாததை எப்படி ஒப்பிடுவது?

பிரசல்ஸ் நகரில் ஜான் பிரார் என்னும் மருத்துவர் 1947 முதல் 1973 வரை 4,400 நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்து, கட்டுப்பாடு குன்றியவர்களுக்கே பாதிப்பு மிகுதி என்று காட்டினார். 1968இல் தெஹ்ரானில் சாமுவேல் ரஹ்பார், நீரிழிவாளரின் இரத்தச் சிவப்புப் பொருளில் ஒரு மாற்றத்தைக் கண்டார். கடந்த இரண்டு மூன்று மாதங்களின் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் இன்றைய ஹெச்பிஏ1சி சோதனை அதிலிருந்து பிறந்ததே. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் 1980 முதல் 1982 வரை நடந்த ஆய்வு, இளமையில் நோயுற்றவர்களுள் இருபது ஆண்டுகள் கடந்த ஏறக்குறைய அனைவருக்கும் விழித்திரையில் ஏதேனும் ஒரு மாற்றம் இருப்பதைக் காட்டியது.

இறுதித் தீர்ப்பு 1993இல் வந்தது. 1983இல் தொடங்கி, அமெரிக்காவிலும் கனடாவிலும் 29 மையங்களில் 1,441 பேரைக் கொண்டு நடந்த ஆய்வு அது. கலந்துகொண்டோரின் வயது 13 முதல் 39 வரை, அனைவரும் முதல் வகை நீரிழிவாளர். ஒரு பிரிவினர் அன்றைய வழக்கப்படி நாளுக்கு ஒன்றிரண்டு ஊசிகள் போட்டுக்கொண்டனர். மறு பிரிவினர் மூன்றோ அதற்கு மேலோ ஊசி அல்லது இன்சுலின் பம்பு கொண்டு, அடிக்கடி விரலில் குத்திச் சோதித்துச் சர்க்கரையைச் சீராக வைத்தனர். இரண்டாம் பிரிவினருக்கு விழித்திரை நோய் தோன்றுவது 76 விழுக்காடும், தோன்றிய நோய் முற்றுவது 54 விழுக்காடும் குறைந்தன. ஆனால், சர்க்கரை கடுமையாகத் தாழ்ந்து போகும் நிகழ்வுகள் ஏறத்தாழ மும்மடங்காயின. சீர் வேண்டும், ஆனால் எச்சரிக்கையோடு வேண்டும்.

ஆய்வு முடிந்தபின் இரு பிரிவினரின் சர்க்கரை அளவும் ஏறத்தாழ ஒன்றாகிவிட்டது. ஆயினும் முதலில் சீராக வைத்திருந்தவர்களின் கண்கள் பல்லாண்டுகள் நலமாகவே இருந்தன. உடல், இளமையின் கட்டுப்பாட்டை நினைவில் வைத்திருந்தது! ஆசிரியர்களுக்கு இது வியப்பளிக்காது. ஆண்டு ஒன்றில் இட்ட அடித்தளம் ஆண்டு ஆறிலும் பேசும் அல்லவா?

இரண்டாம் வகையும் இளையோரும்

இப்போது புதியதொரு கவலை. முன்பு பெரியவர்களுக்கே உரியதாகக் கருதப்பட்ட இரண்டாம் வகை நீரிழிவு, பதின்ம வயதினரிடமும் காணப்படுகிறது. தோக்கியோ நகரில் 1974 முதல் பள்ளி மாணவரின் சிறுநீரைச் சோதித்து வந்ததால், ஜப்பான் இதனை முன்கூட்டியே அறிந்தது. பள்ளிக்கூடமே நோயைக் கண்டறியும் இடமாக விளங்கியது நாம் எண்ணிப் பார்க்கத்தக்கது.

அமெரிக்காவில் 10 முதல் 17 வயதுக்குள் இரண்டாம் வகை நோயுற்ற இளையோரைத் தொடர்ந்து கவனித்த ஆய்வின் முடிவு 2021இல் வெளியானது. 2010-2011இல் அவர்களுள் 13.7 விழுக்காட்டினருக்கு விழித்திரை நோய் இருந்தது. 2017-2018இல் அது 51 விழுக்காடாயிற்று. அப்போது அவர்களின் சராசரி வயது இருபத்தைந்தை ஒட்டியதே. இரண்டாம் வகை ‘மென்மையானது’ என்று கருதுவோர் இந்த எண்களைப் பார்க்க வேண்டும்.

மலேசியாவில் 2023ஆம் ஆண்டுத் தேசியச் சுகாதார ஆய்வின்படி பெரியவர்களுள் 15.6 விழுக்காட்டினருக்கு நீரிழிவு உள்ளது. இந்திய வம்சாவளியினரிடையே அதன் விழுக்காடு மிகுதி என்பதும் நாம் அறிந்ததே. சிங்கப்பூரில் நாற்பது வயதைக் கடந்த இந்தியர் 3,400 பேரிடம் 2007 முதல் 2009 வரை நடத்திய கண் ஆய்வில், நீரிழிவாளருள் ஏறத்தாழ பத்தில் மூவருக்கு விழித்திரை நோய் இருந்தது. அவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று நம் வகுப்பறைகளில் அமர்ந்திருக்கிறார்கள்.

பெற்றோரும் ஆசிரியரும் அறிய வேண்டியவை

என் முன்னாள் மாணவர் ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பத்து வயதில் முதல் வகை நீரிழிவு வந்தது. தாயார் கூடவே இருந்து ஊசி போட்டு, நாள்குறிப்பு எழுதி, தவறாமல் மருத்துவரிடம் அழைத்துச் சென்றார். இடைநிலைப்பள்ளி முடித்து வெளியூருக்கு வேலைக்குச் சென்றதும் அந்தத் தொடர்பு அறுந்தது. குழந்தை மருத்துவப் பிரிவிலிருந்து பெரியவர் பிரிவுக்கு மாற்றிய கடிதம் பெட்டியிலேயே கிடந்தது. இருபத்தேழாம் வயதில் ஒரு காலை, வலக்கண்ணில் சிலந்தி வலைபோல் கறுப்பு இழைகள் மிதந்தன. லேசரும் அறுவையும் இடக்கண்ணை நன்றாகக் காத்தன, வலக்கண்ணை ஓரளவே. “யாராவது என்னைத் தேடிப் பிடித்து அழைத்துப் போயிருந்தால், போயிருப்பேன் ஐயா” என்றார். இன்றும் அச்சொல் என் காதில் ஒலிக்கிறது.

எனவே சிலவற்றை வரிசையாகச் சொல்கிறேன்.

1. முதல் வகை நீரிழிவு, பிள்ளைக்கு இனிப்புக் கொடுத்ததால் வந்ததன்று. உடலின் தற்காப்பே கணையத்தைத் தாக்குவதால் வருவது. ஆகவே பெற்றோரைக் குறை கூறாதீர்கள். குற்ற உணர்வு கொண்ட குடும்பம் நோயை மறைக்கும், மறைத்த நோய்க்குப் பரிசோதனை இராது.

2. முதல் வகையினர், பதினோரு வயதோ பூப்புப் பருவமோ எட்டி, நோய் வந்து மூன்று முதல் ஐந்து ஆண்டுகள் ஆனதும் விழித்திரைச் சோதனையைத் தொடங்க வேண்டும் என்பது பொதுவான மருத்துவ அறிவுரை. இரண்டாம் வகையினர், நோய் அறியப்பட்ட உடனேயே தொடங்க வேண்டும். அடுத்த சோதனை எப்போது என்பதை மருத்துவர் சொல்வார்.

3. மூக்குக் கண்ணாடிக் கடையில் எழுத்துப் பலகையைப் படிப்பது விழித்திரைச் சோதனை ஆகாது. கண்ணின் உட்புறத்தைப் படமெடுக்க வேண்டும், அல்லது கண்மணியை விரித்து மருத்துவர் பார்க்க வேண்டும்.

4. வகுப்பில் ஊசி போடவும், விரலில் குத்திச் சோதிக்கவும், சர்க்கரை தாழும்போது உடனே உண்ணவும் அப்பிள்ளைக்கு இடமளியுங்கள். கூச்சத்தால் ஒரு வேளை ஊசியைத் தவிர்க்கும் பிள்ளை, அதையே வழக்கமாக்கிக்கொள்ளும்.

5. பதினேழு முதல் இருபத்தைந்து வரையான வயதே தொடர்பு அறுந்துபோகும் வயது. பிள்ளை வளர்ந்துவிட்டான் என்று கைவிடாமல், பெரியவர் பிரிவில் பதிவாகும்வரை உடன் செல்லுங்கள்.

இவை பயன் தருமா என்று ஐயுற வேண்டா. இங்கிலாந்தில் 2003 முதல் நாடளாவிய திட்டம் ஒன்று தொடங்கப்பட்டு, 12 வயதுக்கு மேற்பட்ட நீரிழிவாளர் அனைவரும் விழித்திரைப் படமெடுக்க அழைக்கப்பட்டனர். ஐம்பது ஆண்டுகளுக்குப் பின் முதன்முறையாக, உழைக்கும் வயதினரின் பார்வையிழப்புக்கு நீரிழிவு இனி முதற்காரணம் அன்று என்று 2014இல் அங்கே அறிவிக்க முடிந்தது. சிங்கப்பூரிலும் 2010 முதல் இத்தகைய திட்டம் நடந்து வருகிறது. மதுரை அரவிந்த், சென்னை சங்கர நேத்ராலயா முதலிய மருத்துவமனைகளின் விழித்திரைப் படங்களைக் கொண்டு, நோயைக் கணினியே கண்டறியும் முறை உருவாக்கப்பட்ட செய்தி 2016இல் வந்தது.

பாஸ்டனின் ஜாஸ்லின் நிலையம், ஐம்பது ஆண்டுகள் நீரிழிவோடு வாழ்ந்தவர்களுக்கு 1970 முதல் பதக்கம் வழங்கி வருகிறது. அப்பதக்கம் பெற்றோரை ஆராய்ந்தபோது, ஏறத்தாழ பத்தில் நால்வருக்குக் கடும் விழித்திரை நோய் வரவே இல்லை என்று தெரிந்தது. அவர்கள் சிறு வயதில் நோயுற்ற காலத்தில் இன்றுள்ள வசதிகளுள் ஒன்றுகூட இல்லை. அப்படியிருக்க, நம் பிள்ளைகளுக்கு நாம் இன்னும் நல்லதை எதிர்பார்க்கலாம்.

உங்கள் பள்ளியில் நீரிழிவுள்ள மாணவர் இருந்தால், அடுத்த பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்திற்கு முன் அவர்தம் பெற்றோரிடம் தனியே பேசி, கடைசியாகக் கண்ணைப் படமெடுத்தது எப்போது என்று கேளுங்கள். நாள் குறிக்கப்படவில்லை எனில், அன்றே அருகிலுள்ள அரசு சுகாதார நிலையத்தில் கேட்டு நாள் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.